மருந்து யார் கையில்

மயிலாப்பூர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணன் மாறனுக்கு,

நிலா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன்னை வேலூர் ஜெயிலுக்கு மாற்றிய பிறகு ஒரு தடவைதான் மனு போட்டுப் பார்க்க முடிந்தது. போனில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் உன் பின்னால் நிற்பவர்களின் குரல்தான் அதிகம் கேட்கிறது. அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மேலே மயிலாப்பூர் என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அசோகன் மாமா வீட்டில்தான் இருக்கிறேன்.

போன வாரம் தாயம்மா அத்தை பெரும்பாக்கத்துக்கு வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முட்டிவலியோடு அத்தனை மாடியும் ஏறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கு நுரையீரலில் புற்றுநோயாம். முதுகெலும்புக்கும் பரவிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அத்தைக்குக் கண்ணில் புரை. ஷ்ரவண் பெருங்குடியில் தனிக்குடித்தனம், பெற்ற அப்பாவை எட்டிப் பார்ப்பதில்லை. "நடந்தது நடந்துபோச்சு நிலா, உன்ன வுட்டா எனுக்கு யாரு கீறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது என்று அவர் எதைச் சொல்கிறார்? திருவான்மியூர் ஆட்டோ ஸ்டாண்டில் அந்த லோடு வண்டிக்காரரை இரும்பு ராடால் அடித்துக் கொன்றது ஷ்ரவண். விலக்கிவிட ஓடியவன் நீ. கோர்ட்டில் கூண்டேறி, "என் தங்கச்சி மகன் மாறன்தான் அடிச்சான், என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னவர் மாமா. அந்த ஸ்டாண்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வேறு இரண்டு டிரைவர்களும் அதையே சொன்னார்கள். உனக்கு ஆயுள் என்று தீர்ப்பு வந்த அன்று அம்மா இந்த வீட்டு வாசலுக்கு வந்து கூடப்பிறந்தவர் காலில் விழுந்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள்.

தி.நகர் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டேன். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்காதே. அத்தை மேல் இரக்கப்பட்டு வரவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
நிலா

*

மத்திய சிறை, வேலூர்
3 செப்டம்பர் 2023

அன்புத் தங்கை நிலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், அதைச் சுகம் என்று வைத்துக்கொள். தரையில் படுக்கும்வரை முதுகுவலி போகாது.

உன் கடிதம் கிடைத்தது. அந்த ஆளுக்கு நீ கஞ்சி ஊட்டுகிறாய், வேட்டி மாற்றிவிடுகிறாய் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. இங்கே எனக்குச் செருப்புத் தைக்கிற வேலை. தோலில் ஊசியை இறக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்குத் தெரிகிறது. அம்மாவின் பாடையைத் தூக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பரோல் உத்தரவு வருவதற்குள் காரியமே முடிந்துவிட்டது. அதற்கெல்லாம் காரணமான மனிதர் மெத்தையில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் என் தங்கச்சி விசிறிக்கொண்டிருக்க நிம்மதியாகச் சாக வேண்டுமா?

எலும்பில் புற்று வந்த ஒருவர் இங்கே சிறை ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன். மருந்து இல்லாமல் மனிதனால் தாங்க முடியாது.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மருந்து யார் கையில் இருக்கிறது?

உன் நலம் கோரும்
மாறன்

*

மயிலாப்பூர்
1 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே வெயில் குறைந்ததா? இங்கே சாயந்திரம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது.

மருந்து என் கையில்தான் இருக்கிறது.

அது மார்ஃபின் மாத்திரை. ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவிலிருந்து ஜுவேரியா என்ற நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கே வருகிறார். ஐஸ்ஹவுஸ் பக்கம் வீடு, என் வயதுதான் இருக்கும். முதல் நாளே எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு ஓடிப்போய்க் கொடுக்கிற மருந்து இல்லை இது. வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்குத் தனியாக மருந்து உண்டு. போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று அத்தை பயந்தார். வலிக்காக அளவோடு சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம், சரியாகக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்றார் ஜுவேரியா. காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது அட்டை தருவார்.

அத்தைக்கு அட்டையில் இருக்கும் எழுத்துத் தெரியாது. மாத்திரையைப் பிரிப்பதும் நான், தண்ணீர் எடுத்துவருவதும் நான்.

மாமா போன மாதம் முழுவதும் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார். ஒரு விசில் அடித்தால் ஸ்டாண்டில் உள்ள வண்டியெல்லாம் அப்படியே நிற்குமே, அந்த மனிதர் தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடக்கிறார். ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தொட்டாலே தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. ஆள் சத்தம் மாதிரியே இல்லை. "மாத்திர குட்த்தியா நிலா?" என்று கேட்பார். கொடுத்தேன் மாமா என்பேன். என் முகத்தையே பார்ப்பார். நான் நாற்காலியை எதிரில் போட்டு உட்கார்ந்துகொள்வேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும். நான் டிவியைப் பார்ப்பதில்லை.

அம்மா விழுந்த இடம் அவர் கட்டிலில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியும். வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை உனக்குப் பனியனும் சோப்பும் அனுப்புகிறேன்.

நிலா

*

மத்திய சிறை, வேலூர்
12 அக்டோபர் 2023

அன்புத் தங்கைக்கு,

சுகம். சாப்பாடு இறங்குகிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுதியதையும் படித்தேன், எழுதாமல் விட்டதையும் படித்தேன். இங்கே வந்த பிறகு இப்படி நான் தூங்கியதே இல்லை.

இன்னும் விவரமாக எழுது. அவர் என்ன சொன்னார், எப்படிக் கத்தினார், எல்லாவற்றையும்.

அண்ணன்

*

மயிலாப்பூர்
19 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உன் நலமே எனக்கு வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதை எழுதலாம் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இப்போது எழுதப்போவது வேறு விஷயம்.

தீபாவளிக்கு முன்பு ஜுவேரியா வந்தபோது மாமா பேசக்கூட முடியாமல் கிடந்தார். ஜுவேரியா காலி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "அட்டையெல்லாம் காலியாத்தான் இருக்கு. வலி மட்டும் அப்படியே இருக்குதே, ஏன்?" என்று கேட்டார். நான் மாமாவின் போர்வையைச் சரிசெய்தேன். மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜுவேரியா டாக்டருக்குப் போன் செய்து பேசி, அளவைக் கூட்டி எழுதிவாங்கினார். முதல் வேளையைத் தன் கையாலேயே கொடுத்தார். இனிமேல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவேன் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து மாத்திரை ஒழுங்காகப் போகிறது.

அளவு கூடிய புதிதில் அரைத்தூக்கமாக இருப்பார், கொஞ்சம் உளறுவார், சில நாளில் தெளிந்துவிடும் என்று ஜுவேரியா சொல்லியிருந்தார். அப்படித்தான் ஆனது. ஒரு நாள் மத்தியானம் நானும் அத்தையும் ஜுவேரியாவும் பக்கத்தில் இருக்கும்போதே மாமா கையை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "டேய் ஷ்ரவணு, ராடக் கீழ போடுறா. செத்துக்கித்துப் போயிடப் போறான். மாறன் புடிக்கிறான் பாரு, வுடுறா." வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். அத்தை எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். ஜுவேரியா என்னைப் பார்த்தார்.

மறுநாளும் அதையேதான் பேசினார். அத்தை யாருக்கோ போன் செய்தார். சாயந்திரம் ஷ்ரவண் வந்து நின்றான். இத்தனை மாதத்தில் அவன் படியேறியது அன்றுதான். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "இன்னா மாத்திர குடுக்குற நீ? எதுனால இப்டிப் பேசிக்கினு கீறாரு?" என்று என்னிடம் கேட்டான்.

குளிர ஆரம்பித்துவிட்டது, போர்வையை விட்டுவிடாதே.

நிலா

*

மத்திய சிறை, வேலூர்
27 நவம்பர் 2023

அன்புத் தங்கை நிலாவுக்கு,

சுகம்.

வக்கீல் வைதேகி மேடத்திடம் போனில் சொன்னேன். மயக்கத்தில் பேசுவது எந்தக் கோர்ட்டிலும் செல்லாது, அவர் தெளிவாக இருக்கும்போது மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும், ஹைகோர்ட்டில் என் அப்பீல் நிலுவையில் இருப்பதால் வழி இருக்கிறது என்றார்.

நான் முன்பு கேட்டதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். மருந்தை ஒரு வேளையும் விடாதே. அவர் மேல் இரக்கம் வந்து சொல்கிறேன் என்று நினைக்காதே. வலியில் கிடக்கிறவனுக்குத் தன் வலி மட்டும்தான் தெரியும். வலி இல்லாமல் கிடந்தால் தான் செய்தது தெரியும். தெரியட்டும். பேசட்டும். தெருவே கேட்கட்டும்.

ஷ்ரவண் வந்தால் மட்டும் ஜாக்கிரதையாக இரு.

அண்ணன்

*

மயிலாப்பூர்
18 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அடித்த புயலைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். நான் நலம், நீ கவலைப்படாதே.

பெரும்பாக்கத்தில் தரைத்தளம் முழுவதும் தண்ணீர் என்று பக்கத்து வீட்டு சகினா அக்கா போன் செய்தார். நம் வீட்டில் ஜன்னல் உடைந்து மழை உள்ளே அடிக்கிறது, அம்மா படம் கீழே விழுந்து கிடக்கிறது என்றார். கேட்ட பிறகு இருப்புக்கொள்ளவில்லை. மாத்திரை, வேளை எல்லாவற்றையும், பெருங்குடியில் தண்ணீர் ஏறியதால் இங்கே வந்திருந்த ஷ்ரவணிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனேன். நீ ஜாக்கிரதை என்று எழுதியிருந்தாய். ஆனாலும் பெற்ற மகன்தானே என்று நினைத்தேன். போன பிறகு திரும்பி வரப் பஸ்ஸும் இல்லை, கரண்டும் இல்லை, போனும் செத்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கடைசியில் ஒரு டிராக்டரில் ஏறி வந்து சேர்ந்தேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. செப்டம்பர் மாதம் முழுவதும் நான் எதிரில் உட்கார்ந்து கேட்ட சத்தம்.

உள்ளே மாமா கட்டிலில் இருந்து பாதி கீழே சரிந்து கிடந்தார். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம். அத்தை சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷ்ரவண் வாசலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். மாத்திரை எங்கே என்று கேட்டேன். மழையில் நனைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். நான் அவன் பையைப் பிடுங்கி உதறினேன். அட்டை முழுசாக, நனையாமல் விழுந்தது.

"அத்தக் குட்த்தா மயக்கத்துல கண்டதயும் பேசுது. யாரு காதுலனா வுழுந்தா நான் இன்னா ஆவறது? நாலு நாளு கத்தினா இன்னா, எப்டியும் சாவப்போறதுதான?"

இதை அவன் மெதுவாகச் சொல்லவில்லை. மாமா முழு நினைவோடு கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை இல்லாததால் அவருக்கு மயக்கம் துளியும் இல்லை.

நான் மாத்திரை கொடுத்தேன். ஜுவேரியா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஊசியும் போட்டார். வலி அடங்க ரொம்ப நேரம் ஆனது. ஷ்ரவண் போய்விட்டான். இந்த வீட்டில் அத்தை என் மேல்தான் கோபமாக இருக்கிறார், என்ன சொல்ல.

இரண்டு நாள் கழித்து மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேச்சு தெளிவாக இருந்தது. "நீ செஞ்சதுக்கு எனுக்குக் கோவம் வர்லமே. உனுக்கு அந்த உரிம கீது. எனுக்குத் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல. இவனுக்கு இன்னா கீது? இவனுக்காகத்தான நான் எந்தங்கச்சிய வாசல்ல வுட்டுக் கதவச் சாத்தினேன்" என்றார். பிறகு "அந்த வக்கீலம்மாவ வரச் சொல்லு" என்றார்.

நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

அம்மா படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

நிலா

*

மத்திய சிறை, வேலூர்
2 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். உனக்குத் தண்ணீரில் நடந்த காலில் புண் கிண் வரவில்லையே? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

யாரைக் காப்பாற்ற என்னைப் பலி கொடுத்தாரோ அவன் கையாலேயே வாங்கிக்கொண்டாரா? எனக்கு இனிக்கிறது நிலா. மறைத்துச் சொல்லத் தெரியவில்லை. நான் ராடை எடுத்திருந்தாலும், நீ என்ன செய்திருந்தாலும், இப்படி ஒரு அடியை நம்மால் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் அவர் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதே. மகன் மேல் இருக்கிற ஆத்திரம் நாலு நாளில் ஆறிவிடும், அப்பன்கள் அப்படித்தான். ஆறுவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டும். வைதேகி மேடம் அவசர மனு போட்டுவிட்டார்.

உன்னைச் செப்டம்பரில் அந்த நாற்காலியில் உட்காரவைத்தவன் நான்தான். அதை நினைத்துத் தனியாக உழலாதே.

அண்ணன்

*

மயிலாப்பூர்
16 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வைதேகி மேடம் உனக்குச் சொல்லியிருப்பார். ஆனாலும் அங்கே என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டும்.

ஹைகோர்ட் உத்தரவின்படி மாஜிஸ்திரேட் வீட்டுக்கே வந்தார். அரசு வக்கீல், வைதேகி மேடம், ஆஸ்பத்திரி டாக்டர், ஜுவேரியா எல்லாரும் அந்தச் சின்ன அறையில். ஷ்ரவணும் ஒரு வக்கீலை அனுப்பியிருந்தான். இவர் மார்ஃபினில் இருக்கிற ஆள், இவர் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்பதற்காகவே அனுப்பியிருந்தான்.

மாமா இதை முன்பே எதிர்பார்த்திருக்கிறார். காலையில் நான் மாத்திரையைக் கொண்டுபோனபோது வாயை மூடிக்கொண்டார். அளவு பழகிவிட்டது, சாப்பிட்டாலும் புத்தி தெளிவாகத்தான் இருக்கும், நான் எழுதிக்கொடுக்கிறேன் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். "ஒர்த்தனும் நாளைக்கு வாயத் தொறக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டார்.

மாஜிஸ்திரேட் நிதானமான மனிதர். பெயர், ஊர், இன்று என்ன கிழமை என்றெல்லாம் கேட்டார். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார். கடைசியாக எப்போது மருந்து சாப்பிட்டீர்கள் என்றபோது, நேற்று, இன்று வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றார். அதற்குள் வலி ஏறிவிட்டது. நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"அடிச்சது எம்புள்ள ஷ்ரவண். மாறன் வெலக்கி வுட வந்தவன். கோர்ட்ல நான் சொன்னது பொய். மத்த ரெண்டு பேரையும் பொய் சொல்ல வெச்சதும் நான்தான்."

நான் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அண்ணா, நான் இந்த வீட்டுக்கு எதற்காக வந்தேனோ அது என் கண் எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது. அவர் துடிப்பதையும் பார்த்தேன், உண்மை வெளியே வருவதையும் கேட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில். எனக்கு மனசு நிறைந்திருக்க வேண்டும். ஆனால் ஜுவேரியாவின் கையைப் பிடித்து, பாதியில் நிறுத்தி ஒரு மாத்திரை கொடுத்துவிடலாமா என்று கேட்டது நான்தான். மாமா காதில் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எழுதியதை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கைநாட்டு வேண்டாம் என்று பேனாவை வாங்கிக் கையெழுத்தே போட்டார்.

எல்லாரும் போன பிறகு மாத்திரையை அவர் வாயில் போட்டேன். விழுங்கிவிட்டு, "ஷ்ரவண் வந்தானா?" என்று கேட்டார்.

உன் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது. எழுது.

நிலா

*

பெரும்பாக்கம்
24 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று பயமாக இருக்கிறது. முகவரி மாறியிருப்பதைப் பார். நம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமா இறந்துவிட்டார். கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டில் காரியம் முடிந்தது. ஷ்ரவணைப் போலீஸ் தேடுகிறது, அவன் வரவில்லை. பங்காளி முறையில் யாரோ ஒருவர் கொள்ளி வைத்தார்.

கடைசி நாட்களில் வலி இல்லை. நான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. என்னவென்று எனக்கே தெரியவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான், ஷ்ரவண் வந்தானா என்று. நீங்கள் தூங்கும்போது வந்துவிட்டுப் போனான் என்று சொல்லிவிடுங்களேன், உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஜுவேரியா என்னிடம் கேட்டார். அவர் நல்லவர், அவருக்குச் சொல்ல வரும். எனக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "வர்ல மாமா" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். மாத்திரையைத் தடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு பொய்யை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

கடைசி மத்தியானம் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "ஷ்ரவணா?" என்றார்.

"இல்ல மாமா. மாறனோட தங்கச்சி" என்றேன்.

கையை விடவில்லை. அப்படியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை என் துணிப்பையை வாசலில் கொண்டுவந்து வைத்தார். "எம்புள்ளைய ஜெயில்ல வெக்கத்தான் நீ இந்த வூட்டுக்குள்ள வந்த, இல்ல?" என்று கேட்டார். உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

கடையில் பழைய வேலையே கிடைக்கும் போலிருக்கிறது. உடனே எழுது.

நிலா

*

மத்திய சிறை, வேலூர்
9 ஜூன் 2024

அன்புத் தங்கை நிலாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இத்தனை மாதம் எழுதாமல் இருந்தது உன் மேல் கோபத்தால் இல்லை.

முதலில் நல்ல செய்தி. அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள். மாமா வாக்குமூலத்துக்குப் பிறகு அந்த இரண்டு டிரைவர்களும் மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். ஷ்ரவணைத் திருப்பதி பக்கம் பிடித்துவிட்டார்கள். விடுதலையும் வந்துவிடும் என்று வைதேகி மேடம் உறுதியாகச் சொல்கிறார். ஜாமீன் காகிதம் வந்து சேர்ந்ததும் வெளியே விடுவார்கள், அநேகமாக இந்த வாரம்.

இனி நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம். மாமா செத்த செய்தி வந்ததும் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சரி, பாவம் என்றாவது தோன்றுமா என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. கூண்டில் நின்று அவர் என்னைக் கைகாட்டியபோது வந்த கோபம் அப்படியே இருக்கிறது. உன் கடிதங்களைப் படித்தபோது, அவர் வலியைக் கேட்டபோது, அது தீர்ந்துகொண்டு வருகிறது என்று நினைத்தேன். துளியும் குறையவில்லை. இப்போது அந்தக் கோபத்தைக் காட்ட எதிரில் ஆளும் இல்லை. வெளியே வந்தால் அதை யார் மேல் இறக்குவேன் என்று தெரியவில்லை. உன் மேல் இறக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீயும் உன் பங்குக்கு ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் இங்கேயே பக்கத்தில் எங்காவது ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மனசு ஆறிய பிறகு வீட்டுக்கு வரலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அண்ணன்
மாறன்

*

பெரும்பாக்கம்
12 ஜூன் 2024

அண்ணா,

இதை உன் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லி வைதேகி மேடத்திடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார முடியவில்லை.

எனக்கும் ஆறவில்லை. ஜன்னலைச் சரிசெய்தாகிவிட்டது. சகினா அக்கா உனக்காகக் கட்டில் தருகிறேன் என்கிறார், இனிமேல் தரையில் படுக்க வேண்டாம்.

ஆறாமலே வா.

நிலா